நாலு அங்குலம் குறைந்த கார்

என் வீட்டுக்காரர் அந்த ஆங்கிலப் பத்திரிகையைத் தவறுதலாகத்தான் வாங்கினார். இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் அவர் மெக்கானிக். மெஷின் எது நின்றாலும், தகரம் எது கிழிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெல்டிங்கில் கைகாரர். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை பதுளைக்குப் போனவர், பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்றைப் பார்த்திருக்கிறார். ‘ஹொட் ரொட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம். ரொட் என்றால் அவருக்குத் தெரிந்தது வெல்டிங் ரொட் ஒன்றுதான். சூடான ரொட் என்றால் வெல்டிங்கைப் பற்றிப் புதிதாக ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று நம்பி, அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

பஸ்ஸில் விரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கக் கார்கள். அதுவும் இவர் பார்த்த கார்கள் மாதிரி இல்லை. கூரை பாதியாக அமுங்கியவை, பொனட் இல்லாமல் எஞ்சின் வெளியே தெரிபவை, முன்பக்கம் நெருப்புப் பிடித்து எரிவதுபோலப் பெயின்ட் அடித்தவை. வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் பத்திரிகையை வைத்தார்.

“டீச்சர், இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க” என்றார். ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் நான் அவருக்கு டீச்சர்.

நான் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது என்று வாசித்துச் சொன்னேன். அமெரிக்காவில் இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள் யாருக்கும் வேண்டாத பழைய கார்களை எடுத்து, தேவையில்லாத பாகங்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய எஞ்சினைப் பூட்டி ஓட்டினார்களாம். அந்தக் கார்களுக்குத்தான் ஹொட் ரொட் என்று பெயராம். வறண்டுபோன ஏரிகளின் தரையில், அரிசி மாவு கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடந்த உப்பு வெளியில், யார் வேகம் அதிகம் என்று பார்த்தார்களாம். காற்று தடுக்காமல் இருக்கக் கூரையை நாலைந்து அங்குலம் வெட்டி இறக்கினார்களாம். பிறகு நேர் பாதையில் இரண்டிரண்டு பேராக ஓடும் போட்டி வந்தது. அதற்கென்று ஓட்டுபவரைப் பின்சக்கரத்துக்கும் பின்னால் உட்காரவைத்து, ஏணி மாதிரி நீண்ட கார்களைச் செய்தார்கள். அந்தக் கார்களில் சிலவற்றைப் பார்த்துத்தான் உலகத்தில் மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள் என்று எழுதியிருந்தது. ஊதா நிறக் கார் ஒன்றின் படத்தை அவர் வைத்த கண் வாங்காமல் பார்ப்பார். என்னை அப்படிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

“இவனுங்க பணக்காரங்க இல்ல. நம்மள மாதிரி ஃபிட்டருங்கதான்” என்று ஒருநாள் சொன்னார். வேறு யாருக்கோ சொல்வதுபோல, மெதுவாக. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்து ஒஃபிசில் பெரிய கிளாக்கராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக மலைநாட்டிலேயே வேலை. அவரிடம் சாம்பல் நிற ஏ-ஃபோர்ட்டி கார் ஒன்று இருந்தது. பாட்டியின் பாக்குப்பெட்டி மாதிரி உருண்டையான பழைய இங்கிலிஷ் கார். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைப்பார், மற்ற நாட்களில் மூடி வைப்பார். முழங்கால் வலியால் கிளச்சை மிதிக்க முடியாமல் போனபோது, தெரியாத ஆளுக்குக் கொடுக்க மனமில்லாமல் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். நல்ல கையில் போகிறது என்று அவருக்கு நிம்மதி. இவரும் ஆமாங்க ஐயா, ஆமாங்க ஐயா என்று தலையாட்டினார். பத்திரிகையைப் பற்றி மூச்சுவிடவில்லை.

முதலில் எஞ்சின் மாறியது. பசறைப் பாதையில் கவிழ்ந்த ஒரு ஜப்பான் வேனின் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினார். அது ஏ-ஃபோர்ட்டியின் எஞ்சினைவிட உயரம், பொனட் மூடவில்லை. நான் சொன்னேன். “மூடத் தேவையில்ல, புத்தகத்துல அப்படித்தான் இருக்கு” என்றார். சைலன்சர் சரியாகப் பொருந்தாமல் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடியபோதும் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பின் ஆசனம் மழையில் நனைந்து நாறியதால் தூக்கி எறிந்தார். அதுவும் புத்தகத்தில் இருந்தது.

அப்புறம் கூரை. நான்கு தூண்களிலும் நாலு அங்குலம் அளந்து சோக்கால் கோடு போட்டு அறுத்தார். கூரையைத் தூக்கி மறுபடி வைத்தால், முன்பக்கம் பொருந்தினால் பின்பக்கம் பொருந்தவில்லை, பின்பக்கம் பொருந்தினால் முன்பக்கம் கண்ணாடிக்கு எட்டாமல் உள்ளே தள்ளி நின்றது. தூண்கள் சரிந்து நிற்பவை, அறுத்தால் கூரை உட்காரும் இடத்தின் நீளம் கூடும் என்பது மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை. கூரையையும் குறுக்கே வெட்டி நடுவில் தகரம் சேர்க்க வேண்டும் என்று பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் வாசித்துச் சொல்லியிருக்கவில்லை. தவணைப் பரீட்சை, திருத்த ஒரு கட்டு விடைத்தாள். ஆகவே கூரை பொருந்தாததற்கு நான்தான் காரணம் என்று ஃபெக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஃபெக்டரித் தகரத்தில் ஒரு துண்டைச் சேர்த்து ஒட்டி முடித்தார். முன் கண்ணாடியை அளவுக்கு வெட்டப் போய் அது கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. பதுளையில் பெயர்ப்பலகை செய்யும் கடையிலிருந்து பிளாஸ்டிக் தகடு வாங்கிவந்து பூட்டினார்.

வேலையெல்லாம் முடிந்து உள்ளே ஏறி உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அவர் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. தலை கூரையில் இடித்தது. கழுத்தை இடது பக்கம் சாய்த்தால்தான் பாதை தெரியும். யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்கிற மாதிரி அவர் ஓட்டிப்போவதைப் பார்த்துக் கொழுந்து எடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சிரித்தேன்.

முன்பக்கம் நெருப்பு வரைய, கோயிலுக்குப் பெயின்ட் அடிக்க வந்திருந்த ஓவியரைப் பிடித்தார். பத்திரிகைப் படத்தைக் காட்டினார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டுத் தனக்குத் தெரிந்த நெருப்பைத்தான் வரைந்தார். நடராஜரைச் சுற்றி இருக்குமே, ஒவ்வொன்றும் ஐந்து நாக்குடன், அந்த மாதிரி வரிசையாக. தோட்டத்து அம்மா ஒருவர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

கிளாக்கர் ஐயா பார்க்க வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். கையை நீட்டிக் கூரையைத் தொட்டார்.

“தம்பி, நான் உமக்குக் குடுத்தது காரெல்லோ?” என்றார் கடைசியில். “இதென்ன கோதாரி?”

என் வீட்டுக்காரர் ஹொட் ரொட் என்றார். ஐயா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மூன்று மாதம் அவர் எங்களோடு பேசவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெக்டரிப் பக்கம் நடக்கிற சாக்கில் வந்து காருக்கு எண்ணெய் பார்த்தாயிற்றா என்று யாரிடமாவது கேட்டுவிட்டுப் போவார்.

நான் கார் ஓட்டப் பழகியதும் அந்தக் காலத்தில்தான். அவர் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து எக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். அந்த ஆள் நான். மிதி, விடு, மிதி, விடு. சும்மா மிதித்து மிதித்து அலுத்துப்போய் ஒருநாள் கியரைப் போட்டுவிட்டேன். கார் ஃபெக்டரி முற்றத்தைப் பாதி கடந்து விறகுக் குவியலின் முன்னால் நின்றது. அவர் ஸ்பானரோடு பின்னால் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “கிளச்ச அவ்வளவு சீக்கிரம் விடக்கூடாது” என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து தினமும் பாடசாலை விட்டு வந்ததும் முற்றத்தில் நாலு சுற்று. என் உயரம் நாலடி பத்து அங்குலம். கூரைக்கும் என் கொண்டைக்கும் நடுவில் இன்னும் ஒரு சாண் இடம் இருந்தது. பிறகு தூரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம் வரும்போல் இருந்ததால், பதுளைக்குப் போய் லைசனும் எடுத்துவிட்டேன். பரீட்சைக்கு வேறொருவரின் சாதாரணக் காரைத்தான் கொண்டுபோனோம். நெருப்புக் காரைப் பார்த்தால் பரீட்சகர் எழுந்து போய்விடுவார் என்று பயம்.

போர் நடந்த அந்த நாட்களில் பதுளைக்குப் போகிற பாதையில் அடிக்கடி சோதனைச் சாவடி இருக்கும். ஒரு காலை இருவரும் காரில் போகும்போது நிறுத்தினார்கள். சத்தத்தைக் கேட்டு முன்னமே துப்பாக்கியோடு பாதைக்கு வந்து நின்றார்கள். இறங்கச் சொன்னார்கள். காரில் பொனட் இல்லை, பின்னால் ஆசனம் இல்லை, காரின் பதிவுப் புத்தகத்தில் சாம்பல் நிறம் என்று இருக்கிறது, வண்டியில் நெருப்பு எரிகிறது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இவருடைய சிங்களம் சந்தைக்குப் போதும், ஹொட் ரொட்டை விளக்கப் போதாது. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேரை விசாரணைக்கென்று கூட்டிப்போய் மாதக்கணக்கில் விடவில்லை என்பது எனக்கு ஞாபகம் வந்தது. பாதையோரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

கடைசியில் ஒரு பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். எஞ்சினைக் குனிந்து பார்த்தார். இது எந்த வேனின் எஞ்சின் என்று கேட்டார். இவர் சொன்னார். தன் அண்ணனிடமும் அதே வேன்தான், ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்குகிறது என்றார் அவர். இவர் உடனே பயத்தை மறந்து, இதைக் கழற்று, அதைத் துடை என்று கைகளால் விளக்கத் தொடங்கிவிட்டார். பத்து நிமிடம் இருவரும் எஞ்சினுக்குள் குனிந்தபடி நின்றார்கள். பிறகு போகச் சொல்லிவிட்டார்கள். போகும் வழியெல்லாம் இவர் சந்தோஷமாக அந்த வேனைப் பற்றியே பேசினார். வீட்டுக்குப் போய் நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காரைத் தார்ப்பாயால் மூடிவிட்டு வந்து, நிலைமை சரியாகும் வரை தோட்டத்தை விட்டு வெளியே எடுப்பதில்லை என்றார். சொன்னபடியே இருந்தார். நாலு வருடம்.

போர் நிறுத்தம் வந்தது. சாவடிகள் குறைந்தன. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் கார் ஏற்றப் போட்டி வைக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. கீழே இருந்து மலை உச்சி வரைக்கும் ஒவ்வொரு காராக விடுவார்கள், யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவர்களுக்குக் கப். பழைய கார்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. இவர் தார்ப்பாயை எடுத்தார். ஒரு மாதம் வீட்டில் சோறு சாப்பிட்ட நேரத்தைவிடக் காருக்கு அடியில் படுத்திருந்த நேரம்தான் அதிகம்.

போட்டியன்று காலையில் நாங்கள் இருவரும் போனோம். கிளாக்கர் ஐயா அப்போது ஓய்வு பெற்றுப் பண்டாரவளையில் மகள் வீட்டில் இருந்தார். குடையும் கையுமாகப் போட்டி நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். “என்ர கார்தானே ஓடுது” என்றார், கூட நின்றவர்களிடம்.

பதிவு மேசையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். நல்ல மனிதர். காரைப் பார்த்து எழுந்து வந்தார். தான் வாலிபத்தில் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்ததாகவும் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றும் சொன்னார். இவருக்கு முகம் நிறையச் சிரிப்பு. பிரேக்கைப் பார்த்தார்கள், பெல்ட்டைப் பார்த்தார்கள், எல்லாம் சரி. பிறகு ஹெல்மெட் போட்டு உட்காரச் சொன்னார்கள்.

அதை யாரும் யோசிக்கவில்லை. ஆறு வருடம் ஒருவரும் யோசிக்கவில்லை.

இவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே ஏறினார். ஹெல்மெட் கூரையில் முட்டியது. இடது பக்கம் சாய்த்தார், தோள் தடுத்தது. வலது பக்கம் சாய்த்தார், கதவு மூடவில்லை. குனிந்து உட்கார்ந்தார், கதவு மூடியது. ஆனால் தெரிந்தது அவருடைய முழங்கால்கள் மட்டும்தான். வெள்ளைத் தொப்பிக்காரர் மரியாதையாகக் குனிந்து, பாதை தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவர் மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். இரண்டு என்றது குரல்.

ஹெல்மெட் இல்லாமல் விட முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார்கள். இவர் கூரையை அறுத்துவிடட்டுமா, ஆக்சோ பிளேட் இருக்கிறது என்றார். அதற்கும் விடவில்லை. இறங்கி வந்து காரின் பக்கத்தில் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றவும் மறந்துபோனார். அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தபோது, இத்தனை வருடம் நான் செய்த கேலியை எல்லாம் நினைத்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கிளாக்கர் ஐயா குடையைத் தரையில் ஊன்றினார். “ஏன், டீச்சர் இருக்கிறாவெல்லோ” என்றார். “அவவுக்குத் தலை இடிக்காது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றார். ஆறு வருடத்து உழைப்பை வேறொருவர் கையில் கொடுப்பது எப்படியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது, கொடுப்பது என்னிடம்தான் என்றாலும்.

“ஓட்டுறியா?” என்று கேட்டார். டீச்சர் என்று சொல்லவில்லை.

ஓட்டுறேன் என்றேன். வாய் சொல்லிவிட்டது.

சேலையோடு விட மாட்டார்களாம், ஓவரோல் வேண்டுமாம். இருந்த ஒரே ஓவரோல் அவர் உடம்பில் இருந்தது. ஒரு லொறிக்குப் பின்னால் போய் அதைக் கழற்றிக்கொடுத்துவிட்டு, பையில் கிடந்த சாரத்தைக் கட்டிக்கொண்டார். பெண்கள் இருந்த பக்கம் ஒரு கூடாரத்துக்குள் போய் நான் அதை மாட்டினேன். கைகளை நாலு மடிப்பும் கால்களை ஆறு மடிப்பும் மடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி இருந்திருந்தால் நான் காரில் ஏறியிருக்க மாட்டேன்.

கொடி விழுந்தது. கிளச்சை நிதானமாக விட்டேன். முதல் வளைவு வரைக்கும் ஒன்றும் நினைவில்லை, சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது அது சத்தமாகவே தெரியவில்லை. இரண்டாவது வளைவில் கார் தானாக ஏறுவதுபோல் இருந்தது. மூன்றாவது வளைவில் வெயில் நேரே அடித்துப் பிளாஸ்டிக் தகட்டின் கீறல்கள் எல்லாம் வெள்ளையாக மின்ன, பாதை மறைந்துவிட்டது. பக்கத்துத் தேயிலை வரிசையைப் பார்த்தே திருப்பினேன். பின்சக்கரம் வழுக்கி ஒரு செடியின் மேல் ஏறி இறங்கியது. நான் பயப்படவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் காலை எடுக்கத் தோன்றவில்லை. மேலே கரையில் நின்ற பெண்கள் கூடையோடு கையைத் தூக்கி ஆட்டியது ஒரு கணம் தெரிந்தது. ஓட்டுவது பெண் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மேலே போய் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இவர் குறுக்குப் பாதையில் ஓடி ஏறி வந்து சேர்ந்தார், சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சு இரைக்க. நேராக எஞ்சினிடம் போனார். எண்ணெய் ஒழுகுகிறதா, தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் பார்த்து முடித்த பிறகு கதவைத் திறந்தார்.

“மூணாவது வளைவுல செடியில ஏத்திட்ட” என்றார்.

“ஆமா.”

“நல்லா ஓட்டுன.” முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பழைய கார்ப் பிரிவில் எனக்கு இரண்டாம் இடம். அந்தப் பிரிவில் மொத்தம் மூன்று கார்கள்தான் ஓடின என்பதை அவர் இன்றைக்கும் யாருக்கும் சொல்வதில்லை. மூன்றாவது கார் பாதி வழியில் நின்றுவிட்டது என்பதை நானும் சொல்வதில்லை. ஒலிபெருக்கியில் முதலில் அவருடைய பெயரைத்தான் வாசித்தார்கள். அவர் சாரத்தோடு மேடையடிக்குப் போய், கப்பை வாங்காமல், என்னைக் கையால் காட்டினார். மடித்துவிட்ட ஓவரோல் கால் ஒன்று அவிழ்ந்து இழுபட நான் நடந்து போய் வாங்கினேன். கிளாக்கர் ஐயா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினார். பிறகு கப்பை வாங்கிப் பார்த்து, பித்தளைதான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் இவர்தான் ஓட்டினார், தலையைச் சாய்த்துக்கொண்டு. ஹாலிஎலையில் பிளேன்டீ குடிக்க ஒரு கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் கார் யாருடையது, என்ன விசயம் என்று விசாரித்தார். இவர் எஞ்சினைப் பற்றிக் கால் மணி நேரம் சொல்லுவார் என்று நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “இவங்க ரேஸ் ஓட்டிட்டு வர்றாங்க” என்று மட்டும் சொன்னார். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்னொரு ரொட்டி கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த வருடம் எனக்குப் பதுளைக்கு மாற்றம் கிடைத்தது. அவரும் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு டவுனுக்கு வெளியே சின்னதாக ஒரு கராஜ் போட்டார். கார் அங்கே முன்னால் நிற்கும். வேன் திருத்த வருகிறவர்கள் அதைச் சுற்றிப் பார்ப்பார்கள். சிலர் தங்கள் வண்டிக்கும் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முதலில் வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்குப் போக நான்தான் அதை எடுப்பேன். பின்னால் ஆசனம் இல்லாததால் மரக்கறிக்கு நிறைய இடம்.